ஆஸிப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?



மகனுக்கு ஆஸிப் என்று பெயர் வைக்கலாமா, அதற்குக் "கவலைப்படுகிறவன்" என்று அர்த்தமாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தமிழில் எல்லாமே ஒரே 'ஸ' என்பதால் வந்த குழப்பம் இது. அரபியில் ஸீன் போட்டு எழுதினால்தான் கவலைப்படுகிறவர். இந்தப் பெயருக்கு ஸாத். அது அரபு வேரில் பிறந்த சொல்லே அல்ல, ஹீப்ருப் பெயர்.

ஹீப்ருவில் ஆஸாப் என்றால் 'சேர்த்தான்'. வயலில் விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் அதே வேர்ச்சொல்தான். பலஸ்தீனத்தில் கெஸெர் என்ற இடத்தில் 1908இல் ஒரு சின்னச் சுண்ணாம்புக் கல் கிடைத்தது. ஏறக்குறைய 3,000 வருடப் பழையது. எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் அறுவடை என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். முதல் வரியிலேயே இந்தச் சொல் இருக்கிறது: விளைச்சல் சேர்க்கும் இரண்டு மாதங்கள். அன்று அங்கே உஸ்மானியர் ஆட்சி, அதனால் கல் இப்போது இஸ்தான்புல் நூதனசாலையில்.

நம்மிடம் இந்தப் பெயர் வந்தது சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றோடு. கண் இமைக்கும் நேரத்தில் ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னவரை, சூரா நம்ல் 40ஆவது வசனம் வேதத்தின் அறிவு பெற்றவர் என்று மட்டுமே சொல்கிறது. அவர் ஆஸிப் பின் பர்கியா என்று தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதினார்கள். பைபிளிலும் பெரகியாவின் மகன் ஆசாப் வருகிறார். அங்கே அவர் தாவூத் (அலை) காலத்துப் பாடகர் தலைவர், 12 சங்கீதங்கள் அவர் பெயரில் உள்ளன. சுலைமான் (அலை) கட்டிய ஆலயம் திறக்கப்பட்டபோதும் அவர் அங்கே நின்றார்.

அறிவுள்ள மந்திரி என்றால் ஆஸிப் என்றாகிவிட்டது. உஸ்மானியப் பிரதம மந்திரியாக இருந்த லுத்பி பாஷா, மந்திரிமார் நடக்கவேண்டிய முறைபற்றி எழுதிய நூலுக்கு 'ஆஸப்நாமா' என்றே பெயரிட்டார். தாஜ்மஹாலில் அடங்கியிருக்கும் மும்தாஸின் தகப்பன் ஆஸப் கான். 1724இல் தொடங்கிய ஹைதராபாத் நிஸாம் வம்சத்துக்கு ஆஸப் ஜாஹி என்று பெயர்.

"யூதப் பெயராச்சே" என்று முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் வீட்டு யாகூபையும் தாவூதையும் என்ன செய்வார்கள்?

பிறப்புப் பதிவில் தமிழ் எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மத்ரஸாவில் பிள்ளை தன் பெயரை அரபியில் எழுதப் பழகும்போது மட்டும் பாருங்கள்: மத்துள்ள அலிப், ஸாத், பே.