காவலர்மேல் ஒரு காவல்: திருச்சிச் சீமையில் போலீஸ் விதிகள் பிறந்த கதை

1801 ஜூன் மாதத்தில், கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிரான மருது சகோதரர்களின் ஜம்புத்தீவுப் பிரகடனம் இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று திருச்சிக் கோட்டை வாசல், மற்றொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதில். அக்டோபரில் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதோடு கும்பினி நிற்கவில்லை. பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. அவர்கள் கையிலிருந்த காவல் உரிமைகளும் கரைந்தன. ஊரைக் காக்கும் பொறுப்பு சர்க்கார் தலையில் விழுந்தது.

1816இன் 11ஆம் ரெகுலேஷன் சிக்கனமான வழியைக் கண்டது. கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர். ஊருக்குள் கிராம முன்சீபு, அவருக்குக் கீழே தலையாரி. சில்லறைக் குற்றத்துக்கு முன்சீபு ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம் அடைத்து வைக்கலாம். 'கீழ்ச்சாதி' என்று சட்டம் கருதியவரானால் 6 மணி நேரம் தொழுமரத்தில் மாட்டலாம். குற்றம் ஒன்றுதான். சாதியைப் பார்த்துத் தண்டனை மாறியது.

வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒருவரே ஆனதன் விளைவு கிட்டி. விரல்களை இரு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கருவி அது. குடியானவனைக் குனிய வைத்து, தலையை எழுப்ப முடியாதபடி கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். வரிப் பாக்கிக்கும் அதே கிட்டி, திருட்டு வழக்கில் வாக்குமூலத்துக்கும் அதே கிட்டி. 1854இல் லண்டன் பார்லிமென்டில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் வந்த அறிக்கை கொடுமை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு, ஐரோப்பிய அதிகாரிகளைப் பத்திரமாக ஒதுக்கி வைத்தது. வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கேள்வி கேட்டவர் யார் என்பதைக் கமிஷன் அவ்வளவாகக் கிளறவில்லை.

அறிக்கையின் பலனாக 1859இன் 24ஆம் சட்டம் வந்தது. ரெவின்யூவிலிருந்து போலீஸ் பிரிந்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில், அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியின் சாயலில், மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட் என்று சென்னை மாகாணப் படை உருவானது. 1861இன் இந்தியப் போலீஸ் சட்டமும் பெரிதும் இந்த வழியிலேயே போனது.

அந்த 1861ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினால், திருடனைவிடக் கான்ஸ்டபிளைப் பற்றித்தான் சர்க்காருக்குக் கவலை அதிகமோ என்று தோன்றும். கடமை தவறினால் ஒரு மாதச் சம்பளம் வரை அபராதம். 15 நாள் வரை குடியிருப்பை விட்டு வெளியேறாமல் கிடக்க வேண்டும். அதோடு தண்டனை டிரில், கூடுதல் பாரா. வேலையை விட வேண்டுமானால் இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் போனால் மூன்று மாதச் சிறைவரை உண்டு. அனுமதியின்றி வேறு தொழில் பார்க்கக் கூடாது. எந்நேரமும் அவர் பணியில் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பந்தோபஸ்து என்றால், எந்த மூலையில் இருப்பவரையும் ஸ்ரீரங்கத்துக்கு இழுத்துவர இப்படியொரு விதி போதும்.

இத்தனை கட்டுப்பாட்டில் வளர்த்த ஆளின் சொல்லைச் சர்க்கார் நம்பியதா என்றால், இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. கிட்டியின் நினைவு சட்டம் எழுதியவர்களை விட்டு அகலவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1902-03இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான கமிஷன் நாடெங்கும் விசாரித்து, போலீஸ் திறமையற்றது, ஊழல் மலிந்தது, மக்களை வதைப்பது என்று எழுதியது. கான்ஸ்டபிளுக்கு எங்கேயும் மாதம் 8 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்றது. அரை வயிற்றுக்காரரை டிரிலால் நேர்மையாளராக்க முடியாது என்பது அப்போதுதான் சர்க்காருக்கு உறைத்தது போலும். அதற்குப் பிறகுதான் சென்னை மாகாண ஸ்டேஷன்கள் ஏட்டையாவின் கையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் கைக்குப் போயின.

ஒத்துழையாமைக் காலத்தில் பயம் வேறு திசைக்குத் திரும்பியது. போலீஸ்காரர் மனத்தில் அதிருப்தியைத் தூண்டுவதே குற்றம் என்று 1922இல் தனிச் சட்டம் போட்டார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் உப்பு யாத்திரை திருச்சியை விட்டுக் கிளம்பியபோது அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ரயில்வே தொழிலாளர் ஐவர் இறந்தபோதும் இருந்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் வழக்கொழிந்தது. ஆனால் 25ஆம் பிரிவின் தடை புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவாக இடம்பிடித்துக்கொண்டது. ராபின்சன் காலத்து 1859ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாடு மாவட்டப் போலீஸ் சட்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் நடப்பில் இருக்கிறது.