வெறுங்கால்களின் நடுவே ஒரு ஜோடி பூட்ஸ்



1911ஆம் ஆண்டு ஜூலை 29, சனிக்கிழமை. கல்கத்தா நகரில் ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான கால்பந்து இறுதி ஆட்டம். ஒருபுறம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் ஆங்கிலேயச் சிப்பாய்கள். மறுபுறம் மோகன் பகான் என்னும் வங்காளிக் கழகத்தின் பதினொருவர். அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் களத்தில் நின்றனர். ஒருவர் மாத்திரம் பூட்ஸ் அணிந்திருந்தார். தற்காப்பு வரிசையின் இடப்புறத்தில் நின்ற அவர் பெயர் சுதிர் சாட்டர்ஜி. அவர் ஒரு கிறிஸ்தவர்.

பவானிப்பூரில் இலண்டன் மிஷனரி சங்கம் நடத்திவந்த கல்லூரியில் அவர் ஆசிரியராயிருந்தார். இச்சங்கம் நமக்கு அந்நியமானதன்று. நாகர்கோவிலிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் ஊழியம் செய்து, பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்த சபைகளை நட்டது அதுவே. ஆகவே சாட்டர்ஜியை நம் குடும்பத்தின் தூரத்து உறவினர் என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சிறிது உரிமை உண்டு.

இனி அந்தப் பருவத்தின் கதைக்கு வருவோம். கேடயப் போட்டி 1893இல் தொடங்கியது. அதுவரை எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1911இல் முதலாவது எதிர்கொண்டது ஒரு கல்லூரி அணியை: யேசு சபையாரின் புனித சவேரியார் கல்லூரி. ஜூலை 10ஆம் நாள் அவர்களை மூன்று கோல்களால் வென்றது. நான்கு நாள் கழித்துக் கல்கத்தா ரேஞ்சர்ஸ் அணியை 2–1 என வென்றது. 19ஆம் நாள் ரைஃபிள் பிரிகேட் படைப்பிரிவு ஒரே கோலில் வீழ்ந்தது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் 1–1 எனச் சமன். இரண்டு நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் 3–0. இவ்வளவும் வங்காளத்து ஆடி மழைக்காலத்தில் நிகழ்ந்தவை. மழை பெய்து சேறான தரையில் வெறுங்கால் வழுக்கும் என்பதை ஏரிக்கரை வரப்பில் நடந்து பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வங்காள இளைஞர்கள் ஏன் வெறுங்காலுடன் ஆடினர்? பூட்ஸ் விலையுயர்ந்தது என்பது ஒரு காரணம். சிறுவயது முதல் அப்படியே ஆடிப் பழகியதனால் பந்து அவர்கள் கால்விரல்களுக்குக் கீழ்ப்படிந்தது என்பது மற்றொன்று. இந்தியாவின் கால்பந்து வரலாற்றில் இதைவிட ஆழமான ஒரு சங்கடமும் உண்டு. பந்து தோலால் ஆனது. 1890இல் காசுமீரத்துக்கு வந்த டின்டேல் பிஸ்கோ என்னும் மிஷனரி, மறு ஆண்டு ஸ்ரீநகர்ப் பள்ளிக்கு ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். அது தோல் என்று அறிந்ததும் பிராமண மாணவர்கள் தொட மறுத்தனர். வற்புறுத்தலின்பேரில் ஆட்டம் தொடங்கியது. பந்து ஒரு மாணவனின் முகத்தில் பட்டது. தீட்டுப்பட்டேன் என்று அவன் அழுதான். நீரில் முகத்தைக் கழுவிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பும்படி மிஷனரி சொன்னார். இந்த நிகழ்ச்சியை அவர் சிரிப்போடுதான் சொல்லியிருக்கிறார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. வற்புறுத்தி ஆடவைத்த முறையும் எனக்கு முழுவதும் உவப்பானதன்று. ஆயினும் அந்தத் தோலைப் பதனிட்டவனும் தைத்தவனும் எந்தத் தெருவில் குடியிருந்திருப்பான், அவன் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குள் நுழைய முடிந்திருக்கும் என்ற கேள்விதான் எனக்குள் நிற்கிறது. நம் சபையிலும் இக்கேள்விக்கு விடை அறிந்த குடும்பங்கள் உண்டு.

ஜூலை 29க்குத் திரும்புவோம். சிறப்பு இரயிலும் கூடுதல் நீராவிப் படகுகளும் ஏற்பாடாயின. திரண்ட கூட்டத்தை அறுபதாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் மரங்களில் ஏறினர். மரமும் கிடைக்காதவர்களுக்காகக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன. கோல் எண்ணிக்கையை அவற்றைப் பார்த்தே தூரத்தில் நின்றவர்கள் அறிந்தனர். ஜாக்சன் என்னும் சார்ஜன்ட் அடித்த கோலால் படைப்பிரிவு முந்தியது. கூட்டம் அடங்கிப்போயிற்று. பின்னர் அணித் தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். 2–1.

அக்கூட்டம் ஏன் அப்படி ஆர்ப்பரித்தது என்பதை அறிய ஆறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1905இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் எழுந்தது; சிறைகள் நிரம்பின. வங்காளி உடலுரமற்றவன், எழுத்தர் வேலைக்கே ஏற்றவன் என்பது ஆள்வோர் விடாமல் சொல்லிவந்த ஏளனம். அந்த ஏளனத்துக்கு வெறுங்கால்கள் பதில் சொன்னதாக மக்கள் உணர்ந்தார்கள். வெற்றிக்குப் பின் ஒருவர் வீரர்களை அணுகி, வில்லியம் கோட்டைமேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, அதை எப்போது இறக்கப்போகிறீர்கள் என்று கேட்டதாக ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. அவ்வாண்டு டிசம்பர் 12இல் தில்லி தர்பாரில் பிரிவினை இரத்தாயிற்று. தலைநகரமும் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. கால்பந்தினால் அது நிகழ்ந்தது என்று சொல்வது மிகை.

இப்போது அந்தப் பூட்ஸ் அணிந்தவரை நினைத்துப் பாருங்கள். எதிரணியினர் அவருடைய வேதத்தையே வேதமென்று கொண்ட நாட்டார். அவருக்கு ஊதியம் தந்தது ஆங்கிலேயர் நடத்திய சங்கம். காலில் கிடந்ததும் அவர்கள் வழக்கமே. அவர் நின்ற இடமோ, தம் மக்களின் வரிசையில். உங்களில் சிலரிடம் தேநீர்க் கடையிலோ அலுவலகத்திலோ “உங்களுடையது வெள்ளைக்காரன் மதம்தானே” என்று கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வி வரும்போது நம்மில் பலர் கோபப்படுகிறோம் அல்லது மௌனமாகிறோம். சாட்டர்ஜியிடம் அதை எவரேனும் கேட்டிருந்தால், அவர் பதில் சொல்லியிருக்கத் தேவையில்லை. களத்தைக் கை காட்டியிருந்தால் போதும். அதே சமயம், தம் அணியோடு ஒன்றாவதற்காக அவர் பூட்ஸைக் கழற்றவும் இல்லை, கழற்றும்படி அவ்வணியினர் கேட்டதாகவும் தெரியவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இக்கதையைப் பிரசங்கிக்கும்போது தாவீது கோலியாத்தை இழுத்துவரும் ஆசை எங்களுக்கு எழும். சவுலின் கவசத்தைக் களைந்த தாவீதும் வெறுங்கால் வீரரும் எவ்வளவு பொருத்தம்! நான் அதைத் தவிர்க்கிறேன். யார்க்ஷயர் சிப்பாய்கள் பெலிஸ்தர் அல்லர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலிக்குப் படையில் சேர்ந்த காலம் அது. மூன்றே ஆண்டில் உலகப்போர் மூண்டது. அப்படைப்பிரிவைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதில் மாண்டனர். 1911 ஜூலை 30 ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவின் ஆலய மணிகள் வென்றவருக்கும் தோற்றவருக்கும் சேர்த்தே ஒலித்தன. ஆனால் ஆலயத்துக்குள் இருவரும் சமமாக நடத்தப்பட்டார்களா?

அதற்கு முந்தைய ஆண்டு எடின்பரோ மிஷனரி மாநாட்டில் இதையே ஒரு தமிழர் வெளிப்படையாகக் கேட்டார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, மிஷனரிகள் எங்களுக்காகச் செய்த தியாகங்களை ஒப்புக்கொள்கிறோம், எங்களுக்கு வேண்டுவது அவர்களுடைய நட்பு என்ற பொருளில் பேசினார். அவையில் பலர் முகம் சுளித்தனர். நம் பக்கத்திலும் நிலைமை வேறல்ல. புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மாலி ஃபிங்கை மணந்தபோது, ஆங்கில அரசு அவரை அரசியாகவோ அவர் மகனை வாரிசாகவோ ஏற்க மறுத்தது. அரசருக்கே அந்த நிலை என்றால், கீரனூர்ச் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்து வந்தவனைப்பற்றி என்ன சொல்ல!

1912 டிசம்பர் 29. கேடயம் வென்று பதினேழு மாதம் ஆகியிருந்தது. அதே கல்கத்தாவில், புனித பவுல் பேராலயத்தில், அசரியா தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். ஆங்கிலேய குருமாருள் சிலர், இந்தியர் ஒருவரின் கீழ் ஊழியம் செய்வதா என்று முன்னரே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். சாட்டர்ஜியும் பின்னாளில் குருப்பட்டம் பெற்றார். கால்பந்து வரலாறு இன்றும் அவரை அருட்திரு சுதிர் சாட்டர்ஜி என்றே குறிக்கிறது.

இவ்வார வேதபாடத்துக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் 10ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்து வாருங்கள். யோப்பாவில் பேதுரு யார் வீட்டில் தங்கினார், அந்த வீட்டாரின் தொழில் என்ன, அந்த வீட்டு மாடியில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது எந்தப் படைத்தலைவனிடமிருந்து ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் மாலையில் பந்து உதைக்கும் இடத்தில், அவர்களோடு ஆடுவதற்கு எந்தத் தெருப் பிள்ளைகள் இன்னும் வருவதில்லை என்பதையும் கவனித்து வந்து சொல்லுங்கள். வாசிப்புக்கு முன் அதைப்பற்றிப் பேசுவோம்.