ஜேபெக் படத்துக்குள் ஒரு கிண்டிக்காரர்

கேமராவிலோ செல்போனிலோ எடுக்கும் போட்டோவின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் "ஜேபிஜி" என்று ஒரு வால் இருக்கும். இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. நம்ம சென்னை கிண்டிக்கும் அதில் பங்கு இருக்கிறது!

பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். படத்தை கொசைன் அலைகளாகப் பிரித்தால் நன்றாகச் சுருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1972-இல் அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டார். "இது ரொம்ப எளிமையான யோசனை" என்று கையை விரித்துவிட்டார்கள். மனிதர் விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தார். தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார். மொத்தமே நான்கு பக்கம். இந்த ராவ்தான் 1952-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்.

1992-இல் வந்த ஜேபெக் தரநிர்ணயத்துக்கு இந்தக் கணக்குதான் அடித்தளம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஜேபெக் அதை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். வெறும் வானம் இருக்கும் கட்டத்துக்கு ஒன்றிரண்டு எண் போதும். கோபுர விளிம்புக்கு நிறைய எண் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை அது தூக்கி எறிந்துவிடும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

எறிந்தது எறிந்ததுதான். பால்கோவாவிலிருந்து பாலைத் திரும்ப எடுக்க முடியுமா? திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு உண்டு. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது தேய்மானம்!

கேமராவின் "ரா" கோப்புதான் பால். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4096. உச்சி வெயிலில் வெள்ளை வெளேர் என்று நிற்கும் ராஜபாளையம் நாயை எடுத்துப் பாருங்கள். ஜேபெக்கில் ரோமம் வெறும் வெள்ளைத் திட்டாகிப் போகலாம். ராவில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இடம் அதிகம் பிடிக்கும், அது ஒன்றுதான் தொல்லை.

ஜிஃப் 1987-இல் வந்தது. 256 நிறம்தான், போட்டோவுக்கு ஆகாது. அதன் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்து 1994 கடைசியில் உரிமத்தொகை கேட்கக் கிளம்பியது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி (1996). எதையும் எறியாது, காசும் கேட்காது. அச்சகக்காரர்கள் விரும்பும் டிஃப் 1986-லேயே வந்துவிட்டது.

என் கருத்து இதுதான்: கோவில் படமோ கல்யாணப் படமோ, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாதீர்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தின் வண்ணத்தை மாற்றிவிட்டால், பழைய நிறத்துக்குச் சாட்சி பழைய போட்டோதான். பிரதி எடுத்து டிஃப் அல்லது பிஎன்ஜியில் திருத்துங்கள். ஊருக்கு அனுப்ப கடைசியாக ஒரே ஒரு முறை ஜேபெக் ஆக்குங்கள்.

2017-இல் ஐபோன்கள் ஹெச்இஐசி என்ற புது வடிவத்துக்கு மாறின. அதற்குள்ளும் வேலை செய்வது, அன்று "ரொம்ப எளிமை" என்று தள்ளிய அந்தக் கணக்கின் வாரிசுதான்.