பிடுங்கப்பட்ட பற்கள்

ஈறுக்குச் சிகிச்சை செய்தால் குடல் சீராகுமா? 2018இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வெளிவந்த சிறிய ஆய்வொன்று ஆம் என்கிறது. சிரோசிஸ் என்னும் ஈரல் நோய் கண்டவர்களின் ஈறு நோயைக் குணப்படுத்தியபோது, ஒரு மாதத்தில் அவர்களது குடல் பாக்டீரியாக்களின் சீர்குலைவு குறைந்திருந்தது. ஈறு நோயின் பாக்டீரியாக்கள் உமிழ்நீரோடு விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இதை வாசித்தபோது வியப்பைவிட அச்சமே எனக்கு முதலில் எழுந்தது. ஏனெனில் இந்த எண்ணம் புதிதன்று.

பெர்லினில் பணியாற்றிய பல் மருத்துவர் மில்லர், வாயே பல நோய்களின் ஊற்றுக்கண் என்று 1891இலேயே எழுதினார். 1910இல் மாண்ட்ரியாலில் உரையாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹண்டர், செல்வந்தர் வாயின் தங்க உறைகளுக்கடியில் தேங்கும் சீழைக் கடுமையாகச் சாடினார். முதுமைக்கே பெருங்குடலின் கிருமிகள்தான் காரணம் என்றார் பாரிஸில் மெச்னிகாஃப்; லண்டனில் ஆர்பத்நாட் லேன் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். எல்லாரும் அறிஞர்களே, மெச்னிகாஃப் 1908இல் நோபல் பரிசும் பெற்றவர்.

இந்த இரு கிளைகளும் ஹென்றி காட்டன் என்பவரிடம் வந்து கூடின. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநோய் மருத்துவமனைக்கு 1907 முதல் அவர் தலைவர். பித்து என்பது உடலில் மறைந்திருக்கும் கிருமித் தொற்றின் விளைவு என்று உறுதியாக நம்பியவர். முதலில் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணம் தெரியாவிட்டால் டான்சில், அதன் பிறகு பெருங்குடல். மறுத்தவர்களும் விடப்படவில்லை. நூற்றுக்கு 85 பேர் குணமடைந்ததாக அறிவித்தார். பெருங்குடல் அறுவையில் ஏறத்தாழ மூன்றிலொருவர் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் போலியல்லர், தம் பிள்ளைகளின் பற்களையும், பின்னாளில் தம்முடைய பற்களையும் பிடுங்கச் செய்தவர். அதுதான் என்னைக் கலங்கவைக்கிறது.

1924இல் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் ஆய்வுக்கு அனுப்பப்பட்டார். அதிகச் சிகிச்சை பெற்றவர்களே அதிகம் நலிந்திருந்ததை அவர் கண்டார். அவரை அனுப்பிய புகழ்மிக்க பேராசிரியர் அடால்ஃப் மேயர் அந்த அறிக்கையை வெளியிடவேயில்லை. 1933இல் காட்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்து இரங்கலும் எழுதினார்.

இன்றைய சிகிச்சையில் பல் அதனிடத்திலேயே நிற்க, ஈறுக்கடியில் படிந்த காரையை மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். கிரீனேக்கர் சந்தித்த டிரென்டன் நோயாளிகளோ பெரும்பாலும் பொக்கை வாயர்கள். உணவை மெல்லவும், அவரது கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லவும் அவர்களால் இயலவில்லை.