பரிசிலும் பாத்திரமும்: மேசைப் பாத்திர விளையாட்டின் வரலாற்றில் ஒரு கூறு

சதுரங்கத்தில் அரசன் சிறைப்பட்ட அளவில் ஆட்டம் முடிகின்றது. ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் நகர வழியின்றி அடைபட்டால், வெற்றி ஆடுகளின் பக்கத்தது என்பது வெளிப்படை. ஆயின், 1974ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிறு நகரிலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில், வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்று சொல்லுதற்கே இடமில்லை. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவராய் இருந்து, பாழடைந்த கோட்டையையோ இருண்ட குகையையோ சொல்லாற் காட்டுகின்றார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வது இன்னது என்று கூறுகின்றனர். ஐயமான இடங்களில் பகடை முடிவு செய்கின்றது. இவ்வாறு தொடங்கிய கதை பல கிழமைகள், சில வேளைகளிற் பல ஆண்டுகள், தொடர்ந்து நடைபெறும்.

வெற்றி என்பதே இல்லாத ஆட்டத்தில், ஆடுவோரை மீண்டும் மீண்டும் மேசைக்கு ஈர்ப்பது யாது? கதையின் சுவை என்பது ஒரு விடை. அவ்விடை பொய்யன்று, எனினும் முழுமையானதும் அன்று. வெற்றி இருந்த இடத்தில் இவ்விளையாட்டு வேறொன்றை அமர்த்தியது. அதுவே பரிசில். ஆதலின், எச்செயலுக்குப் பரிசில் தரப்பட்டது என்பதை அறிந்தால், அவ்விளையாட்டு எதனை நற்செயல் என மதித்தது என்பதும் விளங்கும். இதனினும் நுட்பமான வினா ஒன்று உண்டு. அப்பரிசிலைத் தருபவர் யார், அவர் ஆடுவோனது திறத்தைக் கண்டு தந்தாரா என்பதே அது. ஆராய்ந்தோர் பலரும் முதல் வினாவோடு நின்றனர் என்பது எம் எண்ணம். இரண்டாம் வினாவை முதன்மையாகக் கொண்டு இவ்வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

‘பரிசில்’ என்னும் சொல்லை யாம் எண்ணியே ஆள்கின்றோம். செய்த வேலைக்கு அளவிட்டுத் தருவது கூலி. தகுதி கண்டு மனமுவந்து தருவது பரிசில். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பொருள் கொடுத்து விடுத்தமையால், பெருஞ்சித்திரனார் அதனை ஏலாது மறுத்தமை புறநானூறு பயின்றார் அறிந்ததே. பொருள் சிறிது என்பதன்று அவர் வருத்தம். காணாது தந்தான் என்பதே. அமெரிக்க விளையாட்டுக்கும் சங்கப் பாட்டிற்கும் தொடர்புண்டு என்பது எம் கருத்தன்று. கூலிக்கும் பரிசிலுக்கும் உள்ள வேற்றுமையைக் குறிக்க நம் மொழியில் இத்துணைத் தெளிவான சான்று இருக்க, வேற்றிடத்தில் தேடுவானேன்?

இவ்விளையாட்டின் முன்னோடி பிரஷிய நாட்டுப் போர்ப் பயிற்சி ஆட்டமாகும். ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் அதனைத் தம் மன்னர்க்குக் காட்டினார். அவர் மகனார் 1824இல் திருத்திய விதிகளை வெளியிட்டார். நடுவர் என்னும் உறுப்பு அதிலேயே உண்டு. ஆனால் பரிசில் இல்லை. பரிசில் பெறுதற்குரிய தனியாள் எவனும் அதில் இல்லாமையே காரணம். மேசைமேல் நகர்பவை படைகள். படை வெல்லும், அழியும். அடுத்த நாள் புதிய படை. தனியாள் தோன்றுவது 1969இல்தான். மின்னசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்களில் டேவிட் வெசலி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் ஆட்டத்தில், ஒவ்வொருவர்க்கும் ஓர் ஊரில் ஓர் ஆளின் இடமும் அவ்வாளுக்குரிய தனி நோக்கமும் தரப்பட்டன. அவ்வட்டத்தைச் சார்ந்த டேவ் ஆர்னெசன், 1971 முதல் ‘பிளாக்மூர்’ என்னும் தம் கற்பனை நாட்டில் ஒரே பாத்திரத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் தொடரச் செய்தார். இன்று பெற்றது நாளையும் தன்னிடம் இருக்கும் என்ற நிலை ஏற்பட்ட பின்னரே பரிசிலுக்குப் பொருள் உண்டாயிற்று.

ஆர்னெசனும் கேரி கைகாக்சும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட மூன்று சிறு நூல்களில், இந்நிலை கணக்காய் வடிவு பெற்றது. முதற்பதிப்பு 1,000 படிகளே. போர்வீரன் இரண்டாம் படிநிலை எய்த 2,000 அனுபவப் புள்ளிகளும், மூன்றாவதற்கு 4,000மும், நான்காவதற்கு 8,000மும் வேண்டும். புள்ளி வரும் வழி இரண்டு: பகையை வெல்லுதல் ஒன்று, பொன்னைக் கைக்கொள்ளுதல் மற்றொன்று. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. நூலாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டில், ‘டிரால்’ என்னும் பூதத்தை வென்றதற்கு 700 புள்ளிகளும், அது காத்திருந்த 7,000 காசுகளுக்கு 7,000 புள்ளிகளும் கணக்கிடப்பெறுகின்றன. அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூல், பகையை வெல்லுதற்குரிய புள்ளியை மேலும் வெகுவாகக் குறைத்துவிட்டது.

பொன்னுக்குப் புள்ளி தந்தது ஆடுவோரைப் பேராசைக்காரராக்கிற்று என்று பழிப்பவர் உளர். இப்பழிப்பு மேற்போக்கானது. பொன் பத்துப் பங்கும் போர் ஒரு பங்கும் ஆனபோது, அறிவுடைய ஆட்டக்காரர் போரைத் தவிர்க்கவே கற்றனர். பூதம் உறங்கும்வரை காத்திருத்தல், உணவு கொடுத்து ஏமாற்றுதல், ஒரு பகையை மற்றொரு பகையோடு மோதவிடுதல் ஆகிய சூழ்ச்சிகளே அவர்க்கு ஆதாயம் தந்தன. இன்னொன்றும் கருதத்தக்கது. அவ்விதிகளில் சுமையின் அளவு பொற்காசின் எடையாலேயே குறிக்கப்பட்டது. ஒருவன் சுமக்கக்கூடிய பேரெல்லை 3,000 காசின் எடை. எனவே மேற்சொன்ன 7,000 காசுகளை வெளிக்கொணர மூவரேனும் வேண்டும். அம்மூவரும் தளர்ந்த நடையினராய், கவசச் சுமையோடு இருளில் மீளவேண்டும். பரிசிலே பாரமாகி அடுத்த இடையூற்றுக்கு வித்தாகும் இவ்வமைப்பின் அழகைப் பின்வந்த விதிநூல்கள் பலவும் இழந்தன.

எண்ணோடு பெயரும் அன்று பரிசிலாய் இருந்தது. ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு பட்டம் உண்டு. போர்வீரன் நான்காம் படியில் ‘ஹீரோ’, எட்டாம் படியில் ‘சூப்பர்ஹீரோ’, ஒன்பதாம் படியில் ‘லார்டு’. லார்டு ஆனவன் கோட்டை கட்டி, சுற்றியுள்ள சிற்றூர்களை ஆளலாம்; குடி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்துப் பொன் வருவாய். குகையினின்று பொன் தேடியவன் குடிகளுக்குப் பொறுப்பாளனாகின்றான். பரிசில் இங்கே கடமையாக மாறுகின்றது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இப்பட்டங்களை நீக்கிவிட்டது. அதன்பின் வீரன் ‘ஐந்தாம் படியினன்’, ‘ஆறாம் படியினன்’ என எண்ணாலே குறிக்கப்பட்டான், பெயரிழந்தான்.

ஆர்னெசனது சொந்த முறை இதனினும் வியத்தற்குரியது. 1977இல் வெளியான அவர்தம் ‘ஃபர்ஸ்ட் ஃபேன்டசி கேம்பெயின்’ என்னும் நூலில், பொன்னைப் பெற்றால் மட்டும் போதாது. பாத்திரம் தன் விருப்பத்திற்குரிய வழியிற் செலவிட்டாலே புள்ளி உண்டு. ஒருவனுக்குக் களியாட்டம், ஒருவனுக்குச் சமயத் தொண்டு, வேறொருவனுக்குப் புகழ். ஈட்டுதலன்று, ஈட்டியதைக் கொண்டு என் செய்தான் என்பதே அவனை இன்னான் எனக் காட்டும் என்ற நோக்கு இதனாற் போதருகின்றது. பாத்திரம் என்பது ஓர் எண் அன்று, ஒரு மனம் என்பதை முதலிற் கண்ட பரிசில் முறை இதுவே என்பது எம் துணிபு.

இனி, கைகாக்ஸ் 1979இல் எழுதிய நடுவர் நூலுக்கு வருவாம். அதில் ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் நடுவர் ஒவ்வொருவர்க்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடவேண்டும் என்ற விதி உள்ளது. 1 மிக நன்று. 4 மிகத் தாழ்வு. போரிற் பின்தங்கும் வீரனும், துணைபுரிய மறுக்கும் பூசகனும், நேர்நின்று பொரும் திருடனும் தாழ்ந்த மதிப்பெண் பெறுவர். மதிப்பெண்களின் சராசரி எத்துணையோ அத்துணைக் கிழமை பயிற்சி பெற்றாலே அடுத்த படி ஏறலாம். பயிற்சிக்குக் கிழமையொன்றுக்குப் படிநிலையை 1,500ஆற் பெருக்கிய பொன் செலவாகும். முதற்படி வீரன் நன்கு ஆடினான் எனின் 1,500 பொன். தாழ ஆடினான் எனின் 6,000 பொன். படி ஏற வேண்டிய புள்ளியோ ஏறத்தாழ 2,000. எனவே தாழ்ந்த மதிப்பெண் பெற்றவன், புள்ளி இருந்தும் பொன்னின்றி வாயிலில் நிற்பான்.

இவ்விதியைக் கொடிது என ஒதுக்கியோர் பலர். யாம் முழுதும் உடன்படுகின்றிலம். நடுவர் ஒவ்வொருவரது ஆட்டத்தையும் கூர்ந்து கண்டாலன்றி இம்மதிப்பெண்ணை இடவியலாது. காணாது தரும் கூலியைக் கண்டு தரும் பரிசிலாக்க முயன்ற விதி இது. பிழை வேறிடத்தில் உள்ளது. கண்டவர் ஒருவரே, அவர் கண்டதும் வகுப்புக்குரிய வழக்கத்தையே. வீரன் அஞ்சலாகாது, திருடன் எதிர்நிற்கலாகாது என்றால், அஞ்சிய வீரனது கதையும், ஒருமுறை எதிர்நின்ற திருடனது கதையும் எழவே வழியில்லை. மாணவர் விடைத்தாள் திருத்தும் எம் போன்றார்க்கு இப்பிழை புதியதன்று.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1978இல், ஸ்டீவ் பெரினும் துணைவரும் ஆக்கிய ‘ரூன்குவெஸ்ட்’ நடுவரது தீர்ப்பையும் படிநிலையையும் ஒருங்கே விலக்கியிருந்தது. வாள் வீசி வென்றவனுக்கு வாட்டிறத்தின் எதிரே ஒரு குறி. ஆட்டம் முடிந்தபின், பகடை எண் அவனது இப்போதைய திறத்தை விஞ்சினால் திறம் வளரும். திறம் மிக்கவனுக்கு விஞ்சுதல் அரிது. ஆதலின் கற்றவன் மேலும் கற்பது கடினமாகின்றது. இது நேர்மையான முறை. ஆயினும் பரிசில் என்பதினும் பயிற்சி என்பதே இதற்கு ஏற்ற பெயர்.

1984இல் ஜெஃப் கிரப் வகுத்த ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ அறத்தைப் பரிசிலின் அளவுகோலாக்கியது. அங்கே புள்ளிக்குக் ‘கர்மா’ என்று பெயர். ஏழையர்க்கு உதவுதலும், கொடுத்த சொல்லைத் தவறாது காத்தலும் கர்மா தரும். வீரன் ஓர் உயிரைக் கொன்றானாயின், அதுவரை ஈட்டிய கர்மா அனைத்தும் ஒருங்கே அழியும். பத்தாண்டுகட்கு முன் கொலைக்குப் புள்ளி தந்த விளையாட்டை வெளியிட்ட அதே நிறுவனம் இதனையும் வெளியிட்டது.

இத்துறையில் தலைசிறந்ததாக யாம் கருதுவது கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’. 1985இல் வெளிவந்த இது, ஆர்தர் மன்னன் கதைக்களத்தில் நிகழ்வது. இங்குப் பரிசில் பொன்னன்று; ‘குளோரி’ எனப்படும் புகழ். போர் வென்றாலும், மணம் புரிந்தாலும், ஈகையிலோ சினத்திலோ ஊர் பேசும் அளவு மிக்கோங்கினாலும் புகழ் சேரும். 1,000 புகழுக்கு ஒருமுறையே பாத்திரத்தின் திறம் ஓரலகு உயரும். ஆட்டத்தில் ஆண்டுகள் கழிகின்றன. கூதிர்ப்பருவந்தோறும் வீரன் மூப்படைகின்றான், மக்களைப் பெறுகின்றான், இறுதியில் இறக்கின்றான். பின் ஆடுவோர் அவன் மகனை ஏற்று ஆடுகின்றார். தந்தையின் புகழிற் பத்தில் ஒரு பங்கு மகனுக்கு உரிமையாகும். இறந்த பின்னும் எஞ்சும் பரிசில் ஒன்றை இவ்விளையாட்டுக்கு முன் எவரும் வகுத்ததாக யாம் கண்டிலம். பத்தில் ஒன்று என்னும் அளவும் நுண்ணியது. தந்தை பெயரால் மகன் அவையில் நுழையலாம். அவையில் அமர்ந்திருக்க அவனே முயலவேண்டும்.

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்சின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு பொன்னுக்குப் புள்ளி என்பதை விருப்ப விதியாக்கிற்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, தன் படிக்கு ஒத்த இடையூறுகள் ஏறத்தாழப் பதின்மூன்றை வென்றால் அடுத்த படி எனக் கணக்கிட்டு அமைத்தது. கணக்கு செம்மையானது, ஆனால் இது கூலியே.

பரிசில் தருபவர் யார் என்னும் வினா இதற்கிடையே வேறிடங்களில் விடை தேடிக்கொண்டிருந்தது. 1996இல் வெளியான ‘டெட்லாண்ட்ஸ்’, சீட்டாட்டத்தில் வழங்கும் வண்ண வில்லைகளைப் பரிசிலாக்கிற்று. நன்கு நடித்தவர்முன் நடுவர் வில்லையொன்றை அப்போதே வைப்பார். அதனை உயிர்காக்கச் செலவிடலாம். சேமித்து வளர்ச்சிக்கும் ஆக்கலாம். கையிலேந்தும் பொருளுக்கும் தாளில் எழுதும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. மேசையிலுள்ளார் அனைவரும் அதைக் காண்கின்றனர்.

2004இல் மாட் வில்சன் எழுதிய ‘பிரைம்டைம் அட்வென்சர்ஸ்’ நடுவரது கையினின்று பரிசிலை விடுவித்தது. ஒருவர் ஆடியது மற்றொருவர்க்கு இன்பம் தந்தால், அவரே ‘ரசிகர் மடல்’ என்னும் வில்லையை எடுத்து அளிப்பார். அதே ஆண்டு கிளின்டன் நிக்சன் ஆக்கிய ‘தி ஷேடோ ஆஃப் எஸ்டர்டே’ இன்னும் ஒருபடி சென்றது. பாத்திரத்தின் உந்துணர்வை ஆடுவோரே தேர்ந்துகொள்வர்; அதன்வழி நடந்தாற் சிறிது சிறிதாகப் புள்ளி. அவ்வுணர்வை ஒருநாள் முற்றும் துறந்தாலோ ஒருங்கே பத்துப் புள்ளி. பழிவாங்கவே வாழ்ந்தவன் பகைவனை மன்னித்து அகலும்போது மிகப் பெரும் பரிசில் பெறுகின்றான். 1979ஆம் ஆண்டு விதியில் இவன் தாழ்ந்த மதிப்பெண் பெற்றிருப்பான்.

2012இல் வந்த ‘டஞ்சன் வேர்ல்ட்’ ஆட்ட இறுதியில் அனைவரும் கூடி விடை காணும் வினாக்களை வைத்தது. உலகைப் பற்றிப் புதியதாய் இன்றியமையாத ஒன்றைக் கற்றோமா, குறிப்பிடத்தக்க பகையை வென்றோமா, நினைவில் நிற்கும் செல்வத்தைப் பெற்றோமா என்பன அவை. பகடை தவறித் தோல்வியுற்றாலும் அதில் ஒரு புள்ளி உண்டு. தோற்றவனும் ஒன்று கற்றான் என்று கொள்ளும் இவ்விதி இளையோரிடத்து விரைவிற் பரவியது.

இவற்றின் தாக்கம் மூல விளையாட்டுக்கும் வந்தது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்சின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘இன்ஸ்பிரேஷன்’ என்னும் பரிசில் தோன்றிற்று. பாத்திரத்தின் இயல்புக்கும் குறைக்கும் ஒப்ப நடித்தவர்க்கு நடுவர் அதனை அளிப்பார்; பெற்றவர், நன்கு ஆடிய வேறொருவர்க்குத் தம்மதை விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். கண்டு தருதல் மீண்டும் விதியாயிற்று. ஆனால் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மனித குலத்துப் பாத்திரம் ஒவ்வொன்றும் ஓரிரவு உறங்கி எழுந்த அளவிலேயே அதனைப் பெறுகின்றது. யாரும் எதனையும் கண்டு தரவேண்டுவதில்லை. முன்னரே ஒன்று கையிலிருப்பவர் மிகுவதை இல்லாத தோழர்க்கு ஈயலாம் என்ற விதி மட்டும் ஒருபுறம் நிற்கின்றது.