சூடு வராத ட்ரையர்

துணி உலர்த்தும் இயந்திரத்தின் டிரம் வழக்கம்போலச் சுழன்றும் உள்ளே வெப்பம் உண்டாகாமல் துணி ஈரமாகவே நின்றுவிடும் கோளாறு இது. வட அமெரிக்க வீடுகளில் சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை ட்ரையர்களே பெரும்பான்மை என்பதால் இக்கட்டுரை முதலில் அவற்றையே எடுத்துக்கொள்கிறது. கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது இதில் பாதி வேலைதான். அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், புதுப் பாகமும் சில வாரங்களில் அதே வழியில் போகும்.

மின் இணைப்பு

டிரம் சுழல்வதால் மின்சாரம் சரியாக வருகிறது என்று எண்ணிவிடுவது வழக்கம். அமெரிக்க மின்சார ட்ரையருக்கு 240 வோல்ட் இணைப்பு உண்டு. அதற்கு 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர். சூடாக்கும் சுருள் இரு மின்கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ட்டில் இயங்குகிறது. மோட்டாருக்கோ ஒரு கம்பியும் நியூட்ரலும் போதும், அதாவது 120 வோல்ட். ஆகவே பிரேக்கரின் ஒரு பக்கம் மட்டும் விழுந்தாலும், பழைய வீடுகளின் ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஃபியூஸ் மட்டும் எரிந்தாலும், டிரம் ஓடும். சூடு மட்டும் வராது. பிரேக்கரை முழுவதுமாக அணைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. இயந்திரத்தின் பின்புறம் மின்வடம் சேரும் இடத்தில் திருகு தளர்ந்து கம்பி கருகியிருந்தாலும் இதே அறிகுறிதான். பிரிட்டனில் ட்ரையர் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில், ஒரே 230 வோல்ட் இணைப்பில் ஓடுவதால் அங்கே இந்தக் குழப்பம் எழுவதில்லை. வெறுங்காற்றில் உலர்த்தும் நிலையில் குமிழ் திருப்பி விடப்பட்டிருப்பதும் உண்டு. மெக்கானிக்கை அழைப்பதற்குமுன் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

சுருளும் காப்புகளும்

உள்ளே கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடாக்கும் பாகம் நிக்ரோம் கம்பிச்சுருள். 5,400 வாட் சுருளின் மின்தடை ஏறத்தாழ 10.7 ஓம் இருக்கும். மல்டிமீட்டர் எந்த மதிப்பும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். அறுந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்: கம்பி உருகித் துண்டாகி, இரு முனைகளும் விலகித் தொங்கும். சுருள் தளர்ந்து தகரக் கூட்டைத் தொட்டால் சூடு நிற்பதற்குப் பதிலாகக் கட்டுப்பாடில்லாமல் ஏறலாம். அதனால் சுருளின் முனைக்கும் கூட்டுக்கும் இடையிலும் அளந்து பார்ப்பது அவசியம்.

சுருளுக்குச் செல்லும் மின்சாரம் வரிசையாகச் சில காப்புகளைக் கடந்து வருகிறது. உச்சவரம்பு தெர்மோஸ்டாட் வெப்பம் மிகும்போது துண்டித்து, ஆறியதும் தானே மீண்டும் இணைக்கும். வெப்ப ஃபியூஸ் அப்படியல்ல. ஒருமுறை போனால் போனதுதான், மாற்றியாக வேண்டும். சில மாடல்களில் அது சூட்டை மட்டும் நிறுத்தும், வேறு சிலவற்றில் மோட்டாரையே நிறுத்திவிடும். அந்த ஃபியூஸின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தீயைத் தடுக்கும் கடைசிக் காவலை அகற்றும் வேலை அது. சுருளும் காப்புகளும் சரியாகவே இருந்தால், மோட்டார் சுழலும்போது மட்டும் சுருளுக்கு மின்சாரம் விடும் சுவிட்சையும் சோதிக்க வேண்டும். அது மோட்டாரிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

எரிவாயு ட்ரையர்

இவ்வகையில் சுருளுக்குப் பதில் பற்றவைப்பான் உண்டு. அது ஆரஞ்சு நிறத்தில் கனன்றதும் உணரி மாறி, எரிவாயு வால்வு திறக்கும். முதலில் நன்றாகச் சூடாகி, பிறகு குளிர்ந்தே ஓடினால் சந்தேகிக்க வேண்டியது வால்வின் மின்காந்தச் சுருள்களை. அவை சூடேறியதும் வேலை செய்யாமல் விடுகின்றன. பற்றவைப்பான் கனன்று, தீ பிடிக்காமலே அணைகிறது. அது கனலவே இல்லையென்றால் அதுவேகூட உடைந்திருக்கலாம்.

காற்றுவழி

வலையைத் தாண்டிச் செல்லும் பஞ்சுத்தூசி குழாயில் படிந்து அடைக்கும்போது சூடான காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. தெர்மோஸ்டாட் அடிக்கடி துண்டிக்கிறது, கடைசியில் வெப்ப ஃபியூஸ் எரிகிறது. மின்சார ட்ரையரில் குழாயைக் கழற்றிச் சற்று நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அப்போது துணி விரைவாகக் காய்ந்தால் அடைப்பு குழாயில்தான். எரிவாயு ட்ரையரில் இதைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துவிடும். குழாய் 4 அங்குல விட்டமுள்ள வழவழப்பான உலோகமாக இருப்பது நல்லது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு பொதுவாக அனுமதிக்கும் நீளம் 35 அடி. ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் சுமார் 5 அடியைக் கழிக்க வேண்டும். துணியோடு போடும் மணத்தாள்கள் வலையில் மெல்லிய படலம் விடுவதும் உண்டு. வலையைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். அப்போது சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2008 முதல் 2010 வரையிலான காலத்துக்கு அமெரிக்க தீயணைப்பு நிர்வாகம் கணித்தபடி, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் ட்ரையரில் தொடங்கின. சுத்தம் செய்யாமல் விட்டதே முதன்மைக் காரணம், 34 விழுக்காடு.

வெப்ப பம்ப் வகை

இவ்வகை ட்ரையரில் காற்றைச் சூடாக்குவது கம்ப்ரஸரும் குளிர்பதன வாயுவும். பழைய வகையைவிடக் குறைந்த வெப்பத்தில் இயங்குவதால் துணி இளஞ்சூடாக மட்டும் வெளிவருவது கோளாறு ஆகாது. துணி காயவே இல்லையென்றால் வடிகட்டிகளையும் வெப்பம் மாற்றும் தகடுகளையும் சுத்தம் செய்து பார்க்கலாம். வாயு கசிந்திருந்தாலோ கம்ப்ரஸர் போயிருந்தாலோ அது பயிற்சி பெற்ற பணியாளர் செய்ய வேண்டிய வேலை.