ஆச்சியின் சீவிய உரித்து

நேயர்களே, எங்கள் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய சீதன உறுதிதான் என்னைத் தேசவழமையின் வரலாற்றைத் தேட வைத்தது.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் நம்மவர் வழமைகளைத் தொகுத்து 1707இல் முடித்தார். அதன் தமிழ்ப் பெயர்ப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து வகைப்பட்டது. மகளுக்குச் சீதனம் போய்விடும். கொடுத்த தாய்க்கு என்ன மிச்சம்?

ஆச்சி இதை யோசித்திருக்கிறா. கடைசி மகளுக்கு வீடு வளவை எழுதும்போது, "சீவிய உரித்தை எனக்கு வைச்சு எழுதுங்கோ" என்று நொத்தாரிசிடம் சொன்னாவாம். "பெற்ற பிள்ளையில் நம்பிக்கையில்லையோ?" என்று அயல் கேட்டதாம். ஆச்சி வாய் திறக்கவில்லை.

சில வருடங்களில் சித்தப்பா வீட்டை விற்க முனைந்தார். வாங்க வந்தவர் அந்த ஒற்றை வரியைக் கண்டு திரும்பிப் போனார். ஆச்சி தன் திண்ணையிலேயே கண்மூடினா.

பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, முதியோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனாலும் நேயர்களே, உறுதியில் கையொப்பம் வைக்குமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்த வரி இருக்கிறதா?